பூங்காவனம் வரைந்த பூச்சிகள்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஓர் ஐப்பசி முற்பகல். ஒரு பெண் என் டிசைன் அறைக்குள் வந்து, சொட்டும் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இன்னொரு கையில் உரப்பையில் சுற்றிய ஒரு ஃபைல். குடையைவிட அதைத்தான் நனையாமல் காப்பாற்றியிருந்தாள். முதுகு முழுக்க ஈரம். ஃபைலில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"அக்கா, இங்க படம் வரையற வேலை கீதுன்னு சொன்னாங்க."

"படம் இல்லம்மா. பட்டுப்புடவை டிசைன். கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாதுக்கா. கை தெரியும்."

உரப்பையை அவிழ்த்து, மேசையில் ஒவ்வொரு தாளாகப் பரப்பினாள். நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சி. கதிரில் பால் குடிக்கும் நாவாய்ப்பூச்சி. தட்டான். பொன்வண்டு. எல்லாம் கறுப்பு மையில், தலைமுடியை விட மெல்லிய கோட்டில். தட்டானின் சிறகில் எத்தனை அறைகள் உண்டோ அத்தனையும் அந்தத் தாளில் இருந்தன. நான் என்னை அறியாமல் ஊதிப் பார்த்தேன், பறந்துவிடுமோ என்பது போல.

அப்படித்தான் பூங்காவனம் என் வாழ்க்கைக்குள் வந்தாள்.

இந்தத் தொடரில் என் தறிக்காரக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். ஆரணியில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு புடவை டிசைன் போட வந்த கதையையும் சொன்னேன். இவளைப் பற்றி மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம் அவளிடமே கேட்டேன். "எழுதுங்க. ஆனா நீங்க செஞ்சதையும் சேத்து எழுதுங்க" என்றாள். சேர்த்தே எழுதுகிறேன்.

செத்த பூச்சியும் நடக்கும் பூச்சியும்

அவள் கலசப்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா, அம்மா இருவரும் மற்றவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவள் விலங்கியல் படித்தாள். ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, விவசாயிகளுக்கான அட்டைகளில் வரைந்து கொடுக்கும் வேலை. ஏழெட்டு வருடம் அதைச் செய்திருக்கிறாள். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. போட்டோ போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நீங்க மயிலு போடறீங்க, அன்னம் போடறீங்க, யாளி போடறீங்க" என்றாள் அன்று. "அன்னத்தை யாருனா பாத்துகீறாங்களாக்கா? இதெல்லாம் நான் பாத்துகீறேன்."

அந்தப் பேச்சுக்காகவே அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புடவையில் நீங்கள் பார்க்கும் மயிலுக்கு வளைவே கிடையாது. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஒரு இழை. கழுத்து வளைகிறது என்றால், படிப்படியாகக் கட்டங்கள் இறங்குகின்றன என்று அர்த்தம். முன்பு அதைத் தாளில் புள்ளி வைத்து நிரப்பினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் நிரப்புகிறோம். படத்தை ஸ்கேன் செய்து, கட்டமாக்கி, தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அனுப்பிவிடுவோம். அது இழைகளைத் தூக்கிக் கொடுக்கும்.

இந்த வேலையில் எல்லோரும் செய்கிற ஒரு சுருக்கு வழி உண்டு. பாதி உருவத்தை வரைந்தால் போதும். மறுபாதியைக் கம்ப்யூட்டர் திருப்பிப் போட்டுக்கொள்ளும். பொன்வண்டின் வலது பாதியை வரையச் சொன்னபோது பூங்காவனம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்டி போடக் கூடாதுக்கா."

"ஏன்? ரெண்டு பக்கமும் ஒண்ணுதான?"

"நடக்கறப்ப இல்ல. இந்தப் பக்கம் ரெண்டு காலு, அந்தப் பக்கம் ஒரு காலு, மூணும் ஒண்ணா எட்டு வைக்கும். மீதி மூணு தரைல நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெச்சா அது செத்த பூச்சி. குண்டூசில குத்தி வெச்சது."

மேசைமேல் மூன்று மூன்று விரலாக நடத்திக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் அறையில் எந்தப் பூச்சியையும் திருப்பிப் போடவில்லை.

"கல்யாணப் புடவைல பூச்சியா?"

எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் ஜவுளி வியாபாரி தனசேகர், முதல் மாதிரியைப் பார்த்ததும் கையை எடுத்துக் கும்பிட்டார்.

"மங்கையம்மா, ஊரே கல்யாணத்துக்குத்தான் நம்மகிட்ட பட்டு எடுக்குது. கல்யாணப் புடவைல பூச்சியா? பொண்ணோட அம்மா இன்னா சொல்லுவாங்க?"

"பூச்சி இல்லீங்க. தட்டான். அதுவும் சிறகு மட்டுந்தான்."

தட்டானின் சிறகை அப்படியே எடுத்து, அதன் அறைகளைப் புடவையின் உடல் முழுக்க ஓடவிட்டிருந்தோம். இளநீர்ப் பச்சையில் மெல்லிய சரிகைக் கோடுகள். தூரத்தில் வலைபோல் தெரியும். கிட்டே வந்தால் ஓர் அறையைப் போல் இன்னொரு அறை இருக்காது. கரையில் மட்டும் சின்னச் சின்னத் தட்டான்கள்.

அவர் அரை மனதோடு எடுத்துப் போனார். பத்து நாளில் போன் வந்தது. டாக்டருக்குப் படிக்கும் ஒரு பெண் தன் நிச்சயதார்த்தத்துக்கு அதை எடுத்துவிட்டாளாம். அவள் தோழிகளுக்கும் வேண்டுமாம். அடுத்த இரண்டு வருடம் எங்கள் அறையில் தட்டானும் பொன்வண்டும் வெட்டுக்கிளியும் நடந்துகொண்டே இருந்தன.

நல்ல நாட்கள்தான் அவை. ஆனால் அவற்றை நினைக்கும்போதே, அப்போது நான் கவனிக்காமல் விட்டவையும் கூடவே வந்துவிடுகின்றன.

அவள் தன் மேசையை ஜன்னலுக்கு நகர்த்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். வெளிச்சம் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். சாயங்காலம் ஐந்தடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்புவாள். வேலையில் பிடிப்பு குறைகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் வைத்த டீ டம்ளரை ஒரு வாரத்தில் மூன்று முறை தட்டிவிட்டாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவள் தோளுக்கு அருகிலேயே நின்று கூப்பிட்டேன். திரும்பாமல் போய்விட்டாள். பேர் வந்ததும் திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. ஒன்றுகூட சரியான காரணம் இல்லை.

முந்தானை நிறைய ஒரு பொன்வண்டு

இரண்டாம் வருடத் தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் தனசேகர் பெரிய டிசைன் கேட்டார். முந்தானை நிறைய ஒரே ஒரு பொன்வண்டு. சின்னதாக வரைந்து பெரிதாக்கினால் கோடு தடித்துவிடும். அதனால் மேசை அளவுக்குத் தாள் வாங்கி, பெரிதாகவே வரையச் சொன்னேன்.

"பெருசா வோணாங்கா. சின்னதா வரைஞ்சி தரேன், நீங்க பெருசாக்கிக்கிங்க."

"கோடு கெட்டுப் போகும் பூங்காவனம். நாளு கம்மியா கீது, ஜல்தியா வரை."

அவள் தாளை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூன்று வாரம் அந்தத் தாளின்மேல் கவிழ்ந்தே இருந்தாள். முடித்துக் கொடுத்தபோது நான் பகுதி பகுதியாக ஸ்கேன் செய்து, சேர்த்து, கட்டமாக்கி அனுப்பினேன். எனக்கு அவசரம். முழு உருவத்தை ஒருமுறை தள்ளி நின்று பார்க்கவில்லை.

எங்களுக்கு நெய்து தரும் குப்புசாமி அண்ணன் தறியில்தான் மாதிரி ஓடியது. முக்கால் பங்கு நெய்ததும் ஆள் அனுப்பினார். நான் போனேன். பூங்காவனமும் வந்தாள். தனசேகர் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது" என்றார் குப்புசாமி அண்ணன். "ஒரு பக்கம் இறக்கை கீழ வந்துகீது. இந்தக் காலு ஒடம்போட ஒட்டவே இல்லையே."

தறியில் அது விரிந்து கிடந்தது. ஒவ்வொரு துண்டும் அற்புதமாக இருந்தது. காலின் முட்கள் கூடத் தெரிந்தன. ஆனால் எந்தத் துண்டும் அடுத்த துண்டோடு சேரவில்லை. யாரோ ஒரு வண்டை மிதித்துவிட்டு, திரும்ப எடுத்து அடுக்கியது போல.

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. தனசேகர் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். முழு உருவத்தைப் பார்க்காமல் அனுப்பியது என் தப்பு என்பதும் தெரிந்தது. அது தெரிந்ததால்தான் குரல் இன்னும் உயர்ந்தது என்று இப்போது தோன்றுகிறது.

"கண்ணை எங்க வெச்சிகினு வரைஞ்ச? பொடனியிலயா? ஆராய்ச்சிப் பண்ணைல இப்டித்தான் வரைஞ்சியா? அதான் அனுப்பிட்டாங்களா?"

தறிச் சத்தம் நின்றிருந்தது. அந்தக் கூடத்தில் எட்டுப் பேராவது இருந்திருப்பார்கள்.

பூங்காவனம் அழவில்லை. ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, மெதுவாகத் தறிக்கு அருகில் வந்தாள். குனிந்து, முகத்தைத் துணிக்கு மிக அருகில் கொண்டுபோய், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தலையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அந்தப் பார்வையையாவது நான் புரிந்துகொண்டிருக்கலாம்.

"சரி பண்ணித் தரேங்கா" என்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நான் போன் செய்யவில்லை. தப்புச் செய்தவள்தானே பேச வேண்டும் என்று இருந்தேன். அந்தக் கல்யாணத்துக்கு வேறு யாரோ போட்ட மயில் போனது.

ஏழுமலை வந்த நாள்

மாசி பிறந்த பிறகு ஒரு பகலில், மேஸ்திரி வேலை செய்யும் ஆள் ஒருவர் சுண்ணாம்புக் கையோடு வந்து வாசலில் நின்றார். பூங்காவனத்தின் கணவர் ஏழுமலை. அதுவரை அவரை நான் பார்த்ததில்லை.

"இத உங்கள்ட்ட குடுக்க சொன்னாங்க."

சுருட்டிய பெரிய தாள். விரித்தேன். அதே பொன்வண்டு. இப்போது எல்லாம் அதனதன் இடத்தில். தாள் முழுக்கப் பென்சிலில் நூல் பிடித்துக் கட்டம் போட்டு, கட்டங்களுக்கு எண் கொடுத்து, கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தாள். மூன்று கால் எட்டு வைக்க, மூன்று கால் தரையில் நிற்க, அது நடந்தது.

"ஏன் அவ வரல?"

அவர் கையிலிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். "உங்களுக்குத் தெரியாதுங்களா? அதுக்குக் கண்ணு போய்கினு கீதுங்க. விழித்திரையில கோளாறு. ஓரத்துலேர்ந்து சுருங்கிகினே வருது. அவங்க மாமாவுக்கும் அப்டித்தான் போச்சி. வேலூரு, மெட்ராஸு எல்லாம் இட்டுகினு போய்ட்டேன். மருந்து இல்லன்ட்டாங்க."

நான் கையிலிருந்த தாளின் கட்டங்களைப் பார்த்தேன்.

"நடுவுல மட்டும் தெரியுங்களாம். குழாய் வழியா பாக்கற மாதிரி. இத வரையறதுக்குள்ள ரொம்ப பேஜாராப் போச்சி. நான் வோணான்னேன். கேக்கல."

மல்லாட்டை உரித்த மதியம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலசப்பாக்கம் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். போளூர் வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலைத் தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை ஒரு நைலான் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது.

"பூங்காவனம்" என்றேன்.

என்னைத் தேடி அவள் முகம் கொஞ்சம் அலைந்து, பிறகு நின்றது. "அக்கா! வாங்க. சாப்டீங்களா?"

எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நானும் மல்லாட்டை எடுத்து உரித்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கண் சுருங்கிக்கொண்டே போகும் ஒருத்தியை, இழைக்கு இழை கணக்குப் பார்க்கும் வேலைக்கு நான் எடுத்திருப்பேனா? பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான்க்கா."

இன்னொரு மல்லாட்டையை உடைத்து முறத்தில் போட்டாள்.

"சின்னதா வரைஞ்சா முழுசும் அந்த ஓட்டைக்குள்ள வந்துடும். லென்ஸ் வெச்சா இன்னும் நல்லாத் தெரியும். நீங்க பெருசா வரைய சொன்னீங்க. இந்தக் காலை வரையறப்ப அந்தக் காலு எனக்கு இல்ல. மனசுல வெச்சி வரைஞ்சேன். மனசு தப்பாயிடுச்சி."

"அன்னிக்கு நான் எல்லார் முன்னாடியும்..."

"கண்ணு எங்கன்னு கேட்டீங்க" என்றாள். "வீட்ல யாரும் அதக் கேக்கறது இல்லக்கா. எல்லாரும் சும்மா தொடறாங்க, கையப் புடிக்கிறாங்க. நீங்கதான் வாய விட்டுக் கேட்டீங்க. அன்னிக்கு நைட்டு பூரா நானும் அதையேதான் கேட்டுகினு இருந்தேன்."

நான் அழுதேன். அவள் முறத்தை நகர்த்திவிட்டு, தடவிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளைத் தேற்றப் போயிருந்தேன்.

பட்டுப்பூச்சியின் முகம்

கிளம்பும்போது கேட்டேன், இன்னும் எதையாவது வரைய வேண்டுமா என்று. யோசிக்காமல் சொன்னாள்.

"பட்டுப்பூச்சி."

"ஏன் அது?"

"ஆரணில அத யாருனா பாத்துகீறாங்களா? நீங்க பாத்துகீறீங்களா?"

இல்லை. பிறந்ததிலிருந்து பட்டு நூலுக்கு நடுவே இருக்கிறேன். அந்தப் பூச்சியின் முகம் எனக்குத் தெரியாது. நூல் எங்களுக்கு வெளியூரிலிருந்து சிட்டமாக, சுற்றிய நூல்கட்டாக வருகிறது. கூட்டை வெந்நீரில் போட்டு இழை எடுக்கும்போதே உள்ளே இருக்கும் புழு முடிந்துவிடுகிறது. பூச்சியாக வெளியே வர அதற்கு வாய்ப்பே இல்லை.

என்னோடு படித்த ஒரு தோழி, போளூர் பக்கத்துத் திருமலையில் ஒரு சமணக் குடும்பத்துப் பெண். அவள் கல்யாணத்தில்கூடப் பட்டுக் கட்டவில்லை. மேடை ஏறி வாழ்த்தியபோது நான் கேலி செய்தேன். அவள் கோபிக்காமல், "உங்க பொழப்பு அது. எங்களுக்கு இது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஞாபகம் வந்தது.

சேத்துப்பட்டு பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் ஒருவரிடம், புழு உயிரோடு இருக்கும் பத்துப் பதினைந்து கூடுகளைக் கேட்டு வாங்கினேன். செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் தாள் விரித்து, அதில் வைத்து, பூங்காவனம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒரு வாரம் கழித்துக் காலையில் போன் வந்தது.

"வந்துட்சிக்கா! வெள்ளையா, குண்டா, பறக்கத் தெரியாம! வாங்க!"

போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் வெண்மயிர். தலையில் சீப்பைப் போல் இரண்டு கொம்புகள். சிறகு இருந்தும் பறக்காது. எதுவும் சாப்பிடாது. சில நாள் இருந்து, முட்டையிட்டு, போய்விடும். அவள் லென்ஸை ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு, சிறகடித்துத் தத்தும் அந்தப் பூச்சியைத் துரத்தித் துரத்தி வரைந்தாள். ஒன்று செத்தால் அடுத்தது. தீப்பெட்டி அளவுக்குத்தான் படம். பன்னிரண்டு நாள் எடுத்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் வரையவில்லை. ஆடி மாதத்துக்குள் அவள் பார்வையின் அந்தக் குழாயும் மூடிக்கொண்டது.

ஒரே ஒரு புடவை

தனசேகரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை.

"வோணாம்மா. இத வேக வெச்சித்தான நூலு எடுக்கறோம். அந்த நூல்லயே இத நெய்ஞ்சி, ஒரு பொண்ணு தோள்ல போட சொல்றதா? எனக்கு மனசு வரல."

நானே நெய்யக் கொடுத்தேன். குப்புசாமி அண்ணன் கேள்வி கேட்காமல் பாவு ஏற்றினார். சந்தன நிறத்தில் புடவை. உடலில் தள்ளித் தள்ளி, வெள்ளைப் பட்டில் அந்தப் பூச்சி. ஒரே ஒரு புடவை.

முடிந்ததும் எடுத்துப் போனேன். பூங்காவனம் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மடியில் விரித்துக்கொண்டாள். விரலால் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்து, அதன்மேல் நிறுத்தினாள்.

"எப்டி வந்துகீது?"

"ரொம்ப நல்லா வந்துகீது."

"கொம்பு?"

அந்தச் சீப்புக் கொம்பு வரவில்லை. அவ்வளவு மெல்லிய பற்கள் எங்கள் கட்டத்தில் நிற்கவில்லை. ஐந்து முறை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு தடித்த கோடுகளாகத்தான் வந்தது. பார்க்க முடியாதவளிடம் சொல்ல வேண்டியதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

"வந்துகீது" என்றேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. "ஒவ்வொரு பல்லும்?"

ஏழுமலை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். தலையசைத்து, ஆமாம் என்று சொல்லும்படி எனக்குச் சாடை காட்டினார்.

"இல்ல பூங்காவனம்" என்றேன். "வரல. கோடாத்தான் வந்துச்சி."

அவள் மூச்சை விட்டாள். முகத்தில் ஒரு தளர்ச்சி, கிட்டத்தட்ட ஒரு நிம்மதி.

"வராதுக்கா. அது எங்க வரும்? நான் பாத்தப்பவே நெனச்சேன், இது நூலுக்கு அடங்காதுன்னு." பிறகு என் கையைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "உக்காருங்க. அது எப்டி இருந்துச்சின்னு நான் சொல்றேன்."

மதியப் பஸ் போகும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள், முதல் பல்லிலிருந்து.